விக் எடெல்பிராக்

விக்டர் எடெல்பிராக் (1913 – நவம்பர் 11, 1962) அமெரிக்காவைச் சேர்ந்த தானுந்துப் பொறி வல்லுநரும் பந்தயக் காரோட்டியும் தொழில்முனைவோரும் ஆவார். விக் எடெல்பிராக் என்ற பெயரால் பரவலாக அறியப்பட்டவர். இவருக்குப் பின் நிறுவனத்தை நடத்திய மகனுக்கும் இதே பெயர் என்பதால் இவரை மூத்த விக் எடெல்பிராக் என்றும் குறிப்பிடுவர். ஃபோர்டு வி8 எஞ்சினுக்கு இவர் வடிவமைத்த அலுமினிய இன்டேக் மானிஃபோல்டு, சாதாரணக் கார் எஞ்சின்களைப் பந்தயத்துக்கு ஏற்ப மாற்றும் உதிரிப்பாகத் தொழிலின் தொடக்ககாலப் படைப்புகளுள் முக்கியமானது. பள்ளிப்படிப்பை 14 அகவையில் கைவிட்ட இவர் பொறியியலை எந்தக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர்.

இளமைக்காலம்

எடெல்பிராக் 1913ஆம் ஆண்டு அமெரிக்காவின் கான்சசு மாநிலத்தில், விச்சிட்டா நகருக்கு அருகிலிருந்த ஒரு சிறிய வேளாண் ஊரில் பிறந்தார். தந்தை மளிகைக்கடை நடத்தி வந்தார். 1927ஆம் ஆண்டு அக்கடை தீக்கிரையானது. குடும்பத்தின் வருவாய்க்கு வேறு வழியில்லாத நிலையில், 14 அகவையே ஆன எடெல்பிராக் பள்ளியிலிருந்து நின்று வேலைக்குச் சென்றார்.

விச்சிட்டாவிலிருந்து ஃபோர்டு மாடல் டி கார்களைத் தொலைவிலுள்ள பண்ணைகளுக்கு ஓட்டிச்சென்று ஒப்படைப்பதே இவருக்குக் கிடைத்த வேலை. அக்காலத்தில் அப்பகுதியின் சாலைகள் பெரும்பாலும் மண்பாதைகளே. கார்கள் வழியில் பழுதாகி நிற்பது வழக்கம். துணைக்கு ஆள் கிடையாது. ஓட்டிச்செல்பவரே பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாக வேண்டும். இவர் எஞ்சின் வேலையைக் கற்றது இவ்வாறே. பின்னர் ஒரு பழுதுபார்ப்புக் கடையில் மெக்கானிக்காகச் சேர்ந்தார்.

1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சி கான்சசு உழவர்களைக் கடுமையாகப் பாதித்தது. பண்ணைகள் நொடித்தபோது அவற்றை நம்பியிருந்த கடைகளும் பட்டறைகளும் நொடித்தன. 1931இல் எடெல்பிராக் தன் சகோதரர் இருந்த கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கு கேத்தரின் என்ற கேட்டியைச் சந்தித்து 1933இல் மணந்துகொண்டார். அதே ஆண்டு மனைவியின் உடன்பிறந்தாருடன் கூட்டாகப் பெவர்லி இல்சு பகுதியில் கார் பழுதுபார்ப்புக் கடை ஒன்றைத் தொடங்கினார். விரைவிலேயே தனித்து லாசு ஏஞ்சலசு நகரில் சொந்தக் கடை வைத்தார். 1936இல் இவர்களது ஒரே மகன் பிறந்தார். நாடு முழுவதும் வேலையற்றோர் வரிசையில் நின்ற ஆண்டுகளில் ஒரு மெக்கானிக் சொந்தக் கடையைத் தக்கவைத்துக்கொண்டதே சாதனைதான். புதிய கார் வாங்க இயலாதோர் பழைய காரைப் பழுதுபார்த்து ஓட்டியது இவ்வகைக் கடைகளுக்கு ஓரளவு கைகொடுத்தது.

1932 ஃபோர்டு ரோட்ஸ்டர்

1938இல் எடெல்பிராக் 1932ஆம் ஆண்டு தயாரிப்பான ஃபோர்டு ரோட்ஸ்டர் கார் ஒன்றை வாங்கினார். வார நாட்களில் இதுவே இவர் கடைக்குச் சென்றுவரும் வண்டி. வார இறுதியில் பந்தயக் கார். இரண்டுக்கும் இடையில் ஆய்வுக்கூடம்.

இக்காரைப் புரிந்துகொள்ள அதன் எஞ்சினைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். ஃபோர்டு நிறுவனம் 1932இல் அறிமுகப்படுத்திய வி8 எஞ்சின், எட்டு உருளைகளைக் கொண்ட எஞ்சினை எளிய மக்கள் வாங்கும் விலையில் முதன்முதலாகத் தந்தது. கொள்ளளவு 221 கன அங்குலம் (ஏறத்தாழ 3.6 லிட்டர்). தொடக்கத்தில் 65 குதிரைத்திறன் அளித்தது. இதன் வால்வுகள் உருளைத்தலையில் இல்லாமல் உருளைகளுக்குப் பக்கத்தில், எஞ்சின் பிளாக்கிலேயே அமைந்திருந்தன. தலைப்பகுதி வெறும் தட்டையான மூடிபோல் இருந்ததால் இதனைத் தட்டைத்தலை எஞ்சின் என்பர். மலிவாகச் செய்வதற்கு ஏற்ற அமைப்பு. ஆனால் காற்று வளைந்து நெளிந்தே உருளைக்குள் செல்ல முடியும். எரிந்த புகையும் பிளாக்கின் ஊடாகவே வெளியேறியது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலிருந்த இரண்டு உருளைகளுக்கு ஒரே புகைவழிதான். இதனால் எஞ்சின் எளிதில் சூடேறியது. இத்தனை குறைகள் இருந்தும் பழைய கார் சந்தையில் மலிவாகக் கிடைத்ததால் இளைஞர்கள் இதனையே நாடினர். குறைகள் மிகுந்திருந்ததால் திருத்துவதற்கும் நிறைய இருந்தது எனலாம்.

இன்டேக் மானிஃபோல்டு

கார்புரேட்டரில் உருவாகும் காற்று-பெட்ரோல் கலவையை ஒவ்வோர் உருளைக்கும் பகிர்ந்தளிக்கும் கிளைக்குழாய்த் தொகுதியே இன்டேக் மானிஃபோல்டு ஆகும். இதில் அசையும் பாகம் எதுவுமில்லை. பார்வைக்கு ஒரு வார்ப்புத் துண்டு, அவ்வளவுதான். ஆனால் எஞ்சின் எவ்வளவு காற்றை உள்ளிழுக்கிறதோ அவ்வளவு பெட்ரோலைத்தான் எரிக்க முடியும் என்பதால், குதிரைத்திறனின் எல்லையை வரையறுப்பதில் இத்துண்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

இதனை வடிவமைப்பவர் ஒன்றுக்கொன்று முரணான தேவைகளை நிறைவுசெய்ய வேண்டும். குழாய் அகலமாக இருந்தால் அதிவேகத்தில் காற்று தடையின்றிச் செல்லும். ஆனால் குறைந்த வேகத்தில் காற்றோட்டம் மந்தமாகி, பெட்ரோல் துளிகள் கலவையிலிருந்து பிரிந்து குழாயின் சுவரில் படியும். குழாயில் கூர்மையான வளைவு இருந்தால் காற்று திரும்பிவிடும். காற்றைவிடக் கனமான பெட்ரோல் துளி நேரே சென்று மோதும். விளைவாக ஓர் உருளைக்குப் பெட்ரோல் மிகுந்தும் மற்றொன்றுக்குக் குறைந்தும் கிடைக்கும். மானிஃபோல்டைச் சூடாக்கினால் பெட்ரோல் நன்கு ஆவியாகும். ஆயினும் சூடான காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் திறன் குறையும். சாலைக்கு ஏற்ற மானிஃபோல்டு பந்தயத்துக்கு ஏற்றதாக அமையாததற்கும், பந்தய மானிஃபோல்டைப் பொருத்திய கார் நகர நெரிசலில் திணறுவதற்கும் காரணம் இதுவே.

எட்டு உருளை எஞ்சினில் மற்றொரு சிக்கலும் உண்டு. நால்வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றுவதற்குள் எட்டு உருளைகளும் ஒவ்வொரு முறை உள்ளிழுக்கும். அதாவது 90 பாகைக்கு ஒருமுறை ஏதேனும் ஓர் உருளை கலவையை இழுக்கத் தொடங்குகிறது. ஓர் உருளை இழுத்து முடிப்பதற்குள் அடுத்தது தொடங்கிவிடுவதால், எல்லாம் ஒரே அறையிலிருந்து இழுத்தால் ஒன்றின் பங்கை மற்றொன்று பறித்துக்கொள்ளும். இதனைத் தவிர்க்க மானிஃபோல்டை இரண்டு தனித்தனிப் பாதைகளாகப் பிரித்து, பாதைக்கு நான்கு உருளைகள் என மாற்றி மாற்றி இணைப்பர். அப்போது ஒரு பாதையில் 180 பாகைக்கு ஒருமுறைதான் இழுப்பு நிகழும். இவ்வகையினை 180 பாகை மானிஃபோல்டு என்று அழைக்கின்றனர்.

எடெல்பிராக் முதலில் டாமி திக்ஸ்டன் என்பவருடன் இணைந்து ஒரு மானிஃபோல்டை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். அது இவருக்கு நிறைவளிக்கவில்லை. எனவே தாமே தனியாக ஒன்றை வடிவமைத்தார். 180 பாகை அமைப்பில், இரண்டு ஸ்டிராம்பர்க் 97 கார்புரேட்டர்களைத் தாங்கும் வகையில் அலுமினியத்தில் வார்க்கப்பட்ட அந்த மானிஃபோல்டு, தோற்றத்தில் சிறுவர்களின் உண்டிவில்லை நினைவூட்டியதால் அச்சொல்லுக்குரிய ஆங்கிலப் பெயராலேயே ஸ்லிங்ஷாட் என்று அழைக்கப்பட்டது. கார்புரேட்டரின் பெயரிலுள்ள 97 என்ற எண், அதன் குறுகிய கழுத்தின் விட்டம் 0.97 அங்குலம் என்பதைக் குறிக்கும்.

இத்தகைய பாகத்தைச் சிறிய கடையொன்று செய்துபார்ப்பது எளிதன்று. முதலில் மரத்தில் பேட்டர்ன் எனப்படும் மாதிரியைச் செதுக்க வேண்டும். உட்குழிவுகளுக்கு மணலால் தனியே கோர் செய்து அச்சினுள் வைத்து, அதனைச் சுற்றி உருகிய அலுமினியத்தை ஊற்ற வேண்டும். குழாயின் வளைவில் கால் அங்குலம் மாற்ற நினைத்தாலும் பேட்டர்னையும் கோரையும் மாற்றி மீண்டும் வார்க்க வேண்டியிருக்கும். கோவையின் பம்புசெட் வார்ப்படப் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இவ்வேலையின் தன்மை விளங்கும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் போதிய காரணம் இருந்தாக வேண்டும். காரணத்தைத் தருவது சோதனை.

உலர்ந்த ஏரிகள்

அன்று சோதனைக்கூடமாக விளங்கியவை லாசு ஏஞ்சலசுக்கு வடக்கே மொகாவி பாலைவனத்தில் உள்ள மியூராக், ரோசமண்ட் முதலிய உலர்ந்த ஏரிப்படுகைகள் ஆகும். நீர் வற்றி இறுகிய களிமண் தரை பல மைல் தூரத்துக்குச் சமதளமாக இருக்கும். எடெல்பிராக்கும் அவருடைய நண்பர்களும் காரை நகரிலிருந்து ஓட்டிச்சென்று, அங்கு சேர்ந்ததும் மட்கார்டுகளையும் முன்கண்ணாடியையும் கழற்றிவிட்டுக் களத்தில் ஓட்டுவர். பின்னர் எல்லாவற்றையும் பூட்டி அதே காரில் வீடு திரும்புவர். எஞ்சின் வெடித்துவிட்டால் வீடு திரும்புவது எவ்வாறு என்ற கவலை ஒவ்வொரு ஓட்டத்திலும் இருந்திருக்கும்.

தமிழகத்திலும் இதற்கு ஓரளவு ஒப்பான வரலாறு உண்டு. சென்னைக்கு அருகிலுள்ள சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளமே பல ஆண்டுகள் பந்தயக் களமாக விளங்கியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைக் களம் வரும்வரை தென்னிந்தியப் பந்தயக்காரர்கள் கைவைத்துத் திருத்திய எஞ்சின்களுக்கு அதுவே உரைகல். கோவையைச் சேர்ந்த சு. கரிவரதன் மாருதி 800 காரின் சிறிய மூன்றுருளை எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கியதும், 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்த ஓசூரில் டிவிஎசு நிறுவனத்தின் பந்தயக் குழு மொபெட், மோட்டார்சைக்கிள் எஞ்சின்களைச் செப்பனிட்டதும், மக்கள் ஓட்டும் மலிவான எஞ்சினிலிருந்து வேகத்தைப் பிழியும் இதே மரபின் இந்தியக் கிளைகள் ஆகும்.

1941 நவம்பர் 16ஆம் நாள் ரோசமண்ட் ஏரிப்படுகையில் எடெல்பிராக்கின் ரோட்ஸ்டர் மணிக்கு 121 மைல் வேகத்தைத் தாண்டியது. இது மணிக்கு ஏறத்தாழ 195 கி.மீ. ஆகும். தட்டைத்தலை எஞ்சின் பொருத்திய, சாலையில் அன்றாடம் ஓடும் ஒரு காருக்கு இது வியப்பான வேகம். இவர் காரைக் கண்டவர்கள் தங்களுக்கும் அதே மானிஃபோல்டு வேண்டும் எனக் கேட்டனர். போருக்கு முன் ஏறத்தாழ நூறு ஸ்லிங்ஷாட்கள் விற்றன. மெக்கானிக் உற்பத்தியாளரானது இங்குதான்.

அந்த ஓட்டம் நிகழ்ந்து மூன்று வாரத்தில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. பந்தயங்கள் நின்றன. மியூராக் ஏரிப்படுகை இராணுவத்தின் வசமாகி, பின்னாளில் எட்வர்ட்சு வான்படைத் தளம் ஆயிற்று. எடெல்பிராக் போர் ஆண்டுகளில் லாங் பீச் கப்பல் கட்டுமிடத்தில் வெல்டிங் வேலையும், வானூர்திப் பாகங்களைக் கையால் உருவாக்கும் வேலையும் செய்தார். இப்பயிற்சி போருக்குப் பின் இவருக்குப் பெரிதும் பயன்பட்டது.

போருக்குப் பின்

போர் முடிந்து திரும்பிய இளைஞர்களிடம் கையில் கொஞ்சம் பணமும், இராணுவத்தில் கற்ற இயந்திர அறிவும், வேகத்தின் மீது ஆசையும் இருந்தன. எடெல்பிராக் ஹாலிவுட் பகுதியில் சொந்தக் கட்டடம் வாங்கிப் பட்டறையை அமைத்தார். மானிஃபோல்டுடன் அலுமினிய உருளைத்தலை, பிஸ்டன் முதலியவற்றையும் செய்யத் தொடங்கினார். 1946இல் இவரது முதல் விலைப்பட்டியல் வெளிவந்தது. பாபி மீக்சு, ஃபிரான் எர்னாண்டசு போன்ற தேர்ந்த எஞ்சின் வல்லுநர்கள் இவரிடம் பணிபுரிந்தனர்.

1949இல் ஜெபர்சன் பெருஞ்சாலையில் அமைந்த புதிய கட்டடத்தில் டைனமோமீட்டருக்கென்றே ஓர் அறை இருந்தது. இவ்வகைக் கடைகளில் அக்காலத்தில் இது அரிது. கிளேட்டன் நிறுவனத்தின் அக்கருவியில் எஞ்சின், நீர் நிரம்பிய கூட்டுக்குள் ஒரு சுழலியைச் சுழற்றும். நீரின் எதிர்ப்பு எஞ்சினுக்குச் சுமையாக அமையும். கூட்டைத் திருப்ப முயலும் விசையை அளந்தால் முறுக்குவிசை கிடைக்கும். அதனை நிமிடச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி 5252ஆல் வகுத்தால் குதிரைத்திறன் தெரிந்துவிடும் (முறுக்குவிசை பவுண்டு-அடி அலகில் இருக்க வேண்டும்).

இக்கருவியின் வருகை சாதாரண மாற்றமன்று. ஏரிப்படுகையில் சோதிப்பவருக்குக் காற்றின் திசை, தரையின் ஈரம், ஓட்டுநரின் திறமை என எல்லாம் சேர்ந்த ஒரே ஓர் எண்தான் கிடைக்கும். அதிலிருந்து மானிஃபோல்டின் பங்கை மட்டும் பிரித்தறிய இயலாது. அடுத்த ஓட்டத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். டைனமோமீட்டரில் காலையில் ஒரு மானிஃபோல்டையும் மாலையில் மற்றொன்றையும் பூட்டி, மற்ற எதையும் மாற்றாமல், ஒவ்வொரு சுற்று வேகத்திலும் ஒப்பிடலாம். இவர் காலத்துப் போட்டியாளர்கள் பலர் பளபளப்பான அலுமினியத் துண்டுகளை விற்றனர். அவற்றுள் சில எஞ்சினின் திறனைக் கூட்டுவதற்கு மாறாகக் குறைக்கவும் செய்தன. எடெல்பிராக்கின் பெயர் நிலைத்ததற்கு வடிவமைப்புத் திறமையைக் காட்டிலும் இந்த அளந்துபார்க்கும் பழக்கமே முதன்மைக் காரணம் என்று கருத இடமுண்டு.

இவரது பாகங்களைப் பொருத்தி, இவரது பட்டறையில் உருவான மெர்குரி தட்டைத்தலை எஞ்சினைக் கொண்டு, அலெக்சு சைடியசு, டீன் பேச்சலர் ஆகியோரின் சோ-கால் நீரோட்டவடிவக் கார் 1950இல் பான்வில் உப்புத்தரையில் மணிக்கு 200 மைல் வேகத்தைத் தாண்டியது. 18 ஆண்டுகளுக்கு முன் 65 குதிரைத்திறனுடன் பிறந்த எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று இவ்வேகத்தை எட்டியது குறிப்பிடத்தக்கது.

மிட்ஜெட் பந்தயமும் நைட்ரோமீத்தேனும்

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தெற்குக் கலிபோர்னியாவில் மிட்ஜெட் எனப்படும் குறுங்கார்ப் பந்தயம் மிகுந்த வரவேற்பைப் பெற்றிருந்தது. சிறிய மண் வட்டத்தில், இரவு விளக்கொளியில், வாரத்தின் பெரும்பாலான நாட்களில் பந்தயம் நடந்தது. இக்களத்தில் ஆஃபன்ஹவுசர் எஞ்சினே அரசன். ஆஃபி எனச் சுருக்கமாக வழங்கும் இந்த நான்குருளை எஞ்சின், தலையின்மேல் இரட்டைக் கேம் தண்டுகளுடன் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டது. விலையும் மிக அதிகம். எதிரே நின்றது 1937இல் ஃபோர்டு சிக்கனக் கார்களுக்காகக் கொண்டுவந்த வி8-60, 136 கன அங்குலம் (2.2 லிட்டர்), பெயருக்கேற்ப 60 குதிரைத்திறன். பணமில்லாதவர்களின் எஞ்சின் என்று இதனைச் சொல்லலாம். எடெல்பிராக் தமது கர்ட்டிசு கிராஃப்ட் மிட்ஜெட்டில் இதனையே பொருத்தினார்.

காற்றை உள்ளே அனுப்புவதில் செய்யக்கூடியதையெல்லாம் செய்தும் ஆஃபிக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. எடெல்பிராக் கேள்வியை மறுபக்கத்திலிருந்து அணுகினார். கூடுதல் காற்று உள்ளே செல்லாவிட்டால், காற்றைக் குறைவாகக் கேட்கும் எரிபொருள் உண்டா? அத்தகையது நைட்ரோமீத்தேன். பொம்மைப் பந்தயக் கார்களின் சிற்றெஞ்சின்களில் இது ஏற்கனவே புழக்கத்தில் இருந்தது. இதன் மூலக்கூற்றிலேயே ஆக்சிசன் உள்ளது. ஒரு கிலோ பெட்ரோலை எரிக்க ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை, நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோவே போதும். கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் பெட்ரோலில் கிடைப்பதில் கால் பங்குதான் என்றாலும், அதே காற்றைக் கொண்டு எட்டு மடங்குக்கு மேல் எரிபொருளை எரிக்கலாம் என்பதால் மொத்த ஆற்றல் இரு மடங்கைத் தாண்டுகிறது. தூய நிலைக்கான கணக்கு இது. மெத்தனாலில் சிறு பங்கு கலந்தாலே வேறுபாடு தெரியும். ஆபத்தும் அதே அளவில் உண்டு. கார்புரேட்டரின் ஜெட் துளைகளைப் பெரிதாக்காமல் ஓட்டினால் கலவை மெலிந்து பிஸ்டன் உருகிவிடும். எவ்வளவு பெரிதாக்குவது என்பதை டைனமோமீட்டர் அறையிலேயே பொறுமையாகக் கண்டறிய வேண்டியிருந்தது.

1949இல் சாந்தா பார்பராவுக்கு அருகிலுள்ள கொலீட்டாவில் நடந்த, நேர்கோட்டுப் பந்தய வரலாற்றில் இன்றும் பேசப்படும் ஒரு போட்டியில், ஃபிரான் எர்னாண்டசு இவ்வெரிபொருளின் துணையுடன் டாம் காப்சின் சூப்பர்சார்ஜர் பொருத்திய காரை வென்றார். 1950 ஆகத்து 10ஆம் நாள் இரவு லாசு ஏஞ்சலசின் கில்மோர் திடலில் எடெல்பிராக்கின் மிட்ஜெட்டை ராட்ஜர் வார்டு ஓட்டினார். களத்திலிருந்த ஆஃபிகள் அனைத்தும் அந்தச் சிக்கன ஃபோர்டிடம் தோற்றன. மறுநாள் இரவு சான் பெர்னார்டினோ களத்திலும் அதே முடிவு. நைட்ரோமீத்தேனின் தனித்த நெடியை மறைக்க எரிபொருளில் ஆரஞ்சு எண்ணெய் கலந்ததாகக் கூறப்படுகிறது. ராட்ஜர் வார்டு பின்னர் 1959, 1962 ஆண்டுகளில் இண்டியானாபொலிசு 500 பந்தயத்தை வென்றவர் என்பதால், அவ்வெற்றிகளில் ஓட்டுநரின் பங்கையும் குறைத்து மதிப்பிடலாகாது.

செவ்ரோலே எஞ்சின்

1955இல் செவ்ரோலே நிறுவனம் 265 கன அங்குலக் கொள்ளளவில் புதிய வி8 எஞ்சினை வெளியிட்டது. வால்வுகள் தலையில் அமைந்த, எடை குறைந்த, அதிவேகத்தில் சுழலக்கூடிய இந்த எஞ்சின் தட்டைத்தலையின் காலத்தை முடித்துவைத்தது. கால் நூற்றாண்டு உழைப்பை ஃபோர்டு எஞ்சினில் இட்டிருந்த பலர் இம்மாற்றத்தை ஏற்கத் தயங்கினர். அவர்களுள் சிலரது கடைகள் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. எடெல்பிராக் தயங்கவில்லை. புதிய எஞ்சினை டைனமோமீட்டரில் ஏற்றி அதற்கான மானிஃபோல்டுகளை உருவாக்கினார். 1958இல் கிராஸ் ராம் வகை மானிஃபோல்டைக் கொண்டு, 283 கன அங்குலமாக வளர்ந்திருந்த அந்த எஞ்சினிலிருந்து கன அங்குலத்துக்கு ஒரு குதிரைத்திறன் என்ற அளவை எட்டினார். இதே அளவைச் செவ்ரோலே 1957இல் விலையுயர்ந்த எரிபொருள் உட்செலுத்தல் முறையால் எட்டியிருந்தது. எடெல்பிராக் கார்புரேட்டர்களைக் கொண்டே எட்டினார் என்பதே வேறுபாடு.

இறப்பு

எடெல்பிராக் புற்றுநோயால் பாதிக்கப்பட்டு 1962 நவம்பர் 11ஆம் நாள் தமது 49ஆம் அகவையில் காலமானார். அப்போது நிறுவனத்தில் ஏறத்தாழ பத்துப் பேர் பணிபுரிந்தனர். பொறுப்பு 26 அகவையே ஆன மகன் இளைய விக் எடெல்பிராக்கிடம் வந்தது. தந்தையிடம் நெடுநாள் பணிபுரிந்த பாபி மீக்சு உள்ளிட்டோர் மகனுடனும் தொடர்ந்தனர். 1990இல் நிறுவனம் கலிபோர்னியாவின் சான் ஜசிண்டோவில் சொந்த அலுமினிய வார்ப்படச் சாலையை அமைத்தது. இளைய விக் எடெல்பிராக் 2017இல் காலமானார்.